சிங்கப்பூர்த் தேர்தல் விதிகளும் ஆளுங்கட்சியின் நிலைபேறும்: குழுத்தொகுதி முறையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வாக்குகள் நேர்மையாக எண்ணப்படும் ஒரு நாட்டில், ஒரே கட்சி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பெரும்பான்மை பெற்று ஆட்சியில் நீடிப்பதற்குத் தேர்தல் விதிகள் எந்த அளவிற்குத் துணைசெய்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சிங்கப்பூரில் 1988-இல் நடைமுறைக்கு வந்த குழுத்தொகுதி முறை இதற்கு மைய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. சிறுபான்மையினரின் நாடாளுமன்றப் பிரதிநிதித்துவத்தை உறுதிசெய்தல் என்பது இம்முறையின் அறிவிக்கப்பட்ட நோக்கம். அந்நோக்கம் பொய்யானதன்று, எனினும் விதி விரிந்த அளவினை அந்நோக்கத்தால் மட்டும் விளக்க இயலவில்லை. எல்லை வரையறை, தேர்தல் காலம், வேட்பாளர் தகுதி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதையும் சேர்த்து நோக்கும்போதே விதியின் முழுப்பயன் விளங்குகிறது என இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: தேர்தல் விதிகள், குழுத்தொகுதி, எல்லை வரையறை, மக்கள் செயல் கட்சி, சிறுபான்மைப் பிரதிநிதித்துவம், தேர்தல்வழி எதேச்சாதிகாரம்.

முன்னுரை

எதேச்சாதிகார ஆட்சி என்றவுடன் தேர்தலே நடவாத நாடுகளோ, வாக்குப்பெட்டிகள் மாற்றப்படும் நாடுகளோ நினைவிற்கு வருவது இயல்பு. கடந்த முப்பது ஆண்டுகளில் ஒப்பீட்டு அரசியல் ஆய்வு இக்கருத்தினைப் பெரிதும் திருத்தியுள்ளது. தேர்தலை ஒழிக்காமல், அதனைத் தமக்கு ஏற்ப வடிவமைத்துக்கொள்ளும் ஆட்சிகள் பல உள என்பதை ஆண்ட்ரியாஸ் ஷெட்லர், ஸ்டீவன் லெவிட்ஸ்கி, லூகன் வே முதலிய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். இவ்வாட்சிகளைத் ‘தேர்தல்வழி எதேச்சாதிகாரம்’ என்றும், எதிர்க்கட்சிக்கு உண்மையான வெற்றி வாய்ப்பு ஓரளவேனும் எஞ்சியிருக்கும் இடங்களில் ‘போட்டியுள்ள எதேச்சாதிகாரம்’ என்றும் வகைப்படுத்துவர்.

சிங்கப்பூரை இவ்வகைமையில் எங்கு வைப்பது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மக்கள் செயல் கட்சி 1959 முதல் இடையறாது ஆட்சியில் உள்ளது. வாக்களிப்பு கட்டாயம், வாக்குப்பதிவிலும் எண்ணிக்கையிலும் மோசடி நடப்பதாகப் பெரிதும் குற்றச்சாட்டு எழுவதில்லை. ஆகவே இதனை ஒற்றைக்கட்சி மேலாதிக்கமுடைய மக்களாட்சி என்பாரும் உளர். தேர்தல்வழி எதேச்சாதிகாரம் என்பாரும் உளர். வாக்குப்பதிவு நாளில் முறைகேடு இல்லை என்பதனாலேயே, அந்நாளுக்கு முன்னர்ச் செயல்படும் விதிகளை ஆராய்வதற்குச் சிங்கப்பூர் தெளிவான களமாகிறது.

அவ்விதிகளை ஆராய இக்கட்டுரை மூன்று வினாக்களைக் கருவியாகக் கொள்கிறது. ஒன்று, விதியின் அறிவிக்கப்பட்ட நோக்கம் யாது? இரண்டு, விதியின் அளவு அந்நோக்கத்திற்குத் தேவையான அளவோடு பொருந்துகிறதா? மூன்று, விதியை நடைமுறைப்படுத்தும் விருப்புரிமை யாரிடம் உள்ளது?

ஆன்சன் முதல் குழுத்தொகுதி வரை

1966-இல் பாரிசான் சோசலிஸ் கட்சியினர் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறி, 1968 பொதுத்தேர்தலையும் புறக்கணித்தனர். அதன்பின் 1981 வரை சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் எவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தேவன் நாயர் அதிபரானதால் காலியான ஆன்சன் தொகுதியில் 1981 அக்டோபரில் இடைத்தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான ஜே.பி. ஜெயரத்தினம் பாட்டாளிக் கட்சியின் சார்பில் அங்கு வெற்றி பெற்றார். 1984 பொதுத்தேர்தலில் அவர் அத்தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார். பொத்தோங் பாசிர் தொகுதியில் சியாம் சீ டோங் வென்றார். முந்தைய தேர்தலில் முக்கால் பங்கிற்கு மேலிருந்த ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் ஏறத்தாழ 65 விழுக்காடாகக் குறைந்தது.

இச்சூழலில், 1988-இல் அரசமைப்புச் சட்டத்தில் 39ஏ பிரிவு சேர்க்கப்பட்டுக் குழுத்தொகுதி முறை உருவாயிற்று. ஒரு குழுத்தொகுதியில் பல வேட்பாளர்கள் ஒரே அணியாகப் போட்டியிடுவர். அணியில் ஒருவரேனும் மலாய், இந்திய அல்லது பிற சிறுபான்மை இனத்தவராக இருத்தல் வேண்டும். வாக்காளர் ஓர் அணிக்கே வாக்களிப்பர். மிகுதியான வாக்குகளைப் பெறும் அணி அத்தொகுதியின் எல்லா இடங்களையும் பெறும்.

அரசு கூறிய காரணம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சிங்கப்பூர் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சீனர். அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டைகளில் எந்த இனத்தவரும் ஓரிடத்தில் திரண்டுவிடாதவாறு 1989 முதல் இன ஒதுக்கீடு கடைப்பிடிக்கப்படுகிறது. எனவே சிறுபான்மையினர் பெரும்பான்மையாக வாழும் தொகுதி அமைய வழியில்லை. வாக்காளர் தம் இனத்தவருக்கே வாக்களிக்கத் தலைப்பட்டால் மலாய்க்காரரும் தமிழரும் நாடாளுமன்றத்தில் இடம்பெறாமற்போகும் வாய்ப்பு இருந்தது. இவ்வகையில் சிங்கப்பூர்த் தமிழருக்கும் இவ்விதியால் ஓர் உறுதிப்பாடு கிடைத்தது என்பது உண்மை. ஆயினும், எதிர்க்கட்சியின் நீண்ட வெறுமையை முதலில் உடைத்தவர், சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த தனித்தொகுதி ஒன்றில் தனியொருவராக நின்று வென்ற தமிழர் என்பதும் அதே அளவிற்கு உண்மை.

அணிமுறையின் கணக்கு

குழுத்தொகுதியின் விளைவினை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்கலாம். சம எண்ணிக்கையிலான வாக்காளரைக் கொண்ட ஐந்து தனித்தொகுதிகள் அருகருகே உள்ளன எனக் கொள்வோம். எதிர்க்கட்சிக்கு ஒன்றில் 54 விழுக்காடும், ஏனைய நான்கில் 42 விழுக்காடும் ஆதரவு உண்டு. தனித்தொகுதி முறையில் அக்கட்சி ஓர் இடத்தைப் பெறும். ஐந்தும் ஒரே குழுத்தொகுதியாக இணைக்கப்பட்டால் அதன் சராசரி ஆதரவு 44.4 விழுக்காடாகும், ஓர் இடமும் கிட்டாது. ஒரு வட்டாரத்தில் எதிர்க்கட்சி ஊன்றிய வேர், அண்டைப் பகுதிகளின் சராசரியில் கரைந்துபோகிறது.

வாக்கிற்கும் இடத்திற்கும் உள்ள இடைவெளி முழுவதையும் குழுத்தொகுதியின் மேல் ஏற்றுவது பிழையாகும். முந்துபவரே வெல்லும் முறையில் இவ்விடைவெளி இயல்பாகவே தோன்றும். குழுத்தொகுதி தோன்றுமுன், 1984-இலேயே மக்கள் செயல் கட்சி 79 இடங்களில் 77-ஐப் பெற்றது. ஆகவே குழுத்தொகுதி முறை புதிதாகச் சேர்த்தது யாது என்பதே உரிய வினா. அது சேர்த்தவை மூன்று: களத்தில் இறங்குவதற்கான தடையை உயர்த்தியது, புதிய ஆளுங்கட்சி வேட்பாளர்கள் மூத்த அமைச்சரின் நிழலில் வெற்றி பெற வழிசெய்தது, எதிர்க்கட்சியின் வட்டார வலிமையைச் சிதறச்செய்தது.

முதலாவது தடையை எண்களில் காணலாம். 2025 பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒருவருக்கான வைப்புத்தொகை 13,500 வெள்ளி. ஐவர் அணிக்கு 67,500 வெள்ளி தேவை. எட்டில் ஒரு பங்கு வாக்கினைப் பெறாவிடில் அத்தொகை முழுவதும் பறிபோகும். பணத்தைவிட ஆள்திரட்டலே சிறிய கட்சிகளுக்குப் பெருஞ்சுமை. 1992 டிசம்பரில் மரின் பரேட் குழுத்தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது, பாட்டாளிக் கட்சியால் வேட்புமனு நாளில் நால்வர் அணியை நிறைவாக நிறுத்த இயலவில்லை. ஆன்சனில் தனியராக நின்று வென்ற ஜெயரத்தினம் களத்திற்கே வரமுடியாமற்போனார்.

1991 பொதுத்தேர்தலில் 81 இடங்களில் 41-உம், 1997-இல் 83-இல் 47-உம், 2001-இல் 84-இல் 55-உம் போட்டியின்றி ஆளுங்கட்சிக்குக் கிடைத்தன. இம்மூன்று தேர்தல்களிலும் ஒரு வாக்குக்கூடப் பதிவாகுமுன்னரே ஆட்சி அமைப்பதற்கான பெரும்பான்மை உறுதியாகிவிட்டது. இதற்கு எதிர்க்கட்சிகளின் உத்தியும் ஒரு காரணம் என்பதை மறைத்தலாகாது. ஆட்சி மாறாது என்ற உறுதி இருந்தால் வாக்காளர் துணிந்து எதிர்க்கட்சியைத் தேர்வர் என்று கருதி, பெரும்பான்மைக்குக் குறைவான இடங்களிலேயே போட்டியிடும் திட்டத்தை 1991-இல் அவை வகுத்தன. எனினும் வாக்களிப்பு கட்டாயமான நாட்டில் பலர் வாக்குச்சீட்டைக் காணாமலே ஆண்டுகளைக் கடந்தனர். தஞ்சோங் பகார் குழுத்தொகுதி 1991-இல் உருவானது முதல் 2011 வரை ஐந்து பொதுத்தேர்தல்களில் போட்டியைக் காணவில்லை. 2015-இல்தான் அங்கு முதன்முறையாக வாக்குப்பதிவு நடந்தது.

நோக்கமும் அளவும்

விதியின் அளவு அதன் நோக்கத்தோடு பொருந்துகிறதா என்பது இரண்டாவது வினா. 1988-இல் குழுத்தொகுதிகள் 13, ஒவ்வொன்றிலும் மூன்று இடங்கள், தனித்தொகுதிகள் 42. 1991-இல் நான்கு இடங்கள் கொண்ட 15 குழுத்தொகுதிகளும் 21 தனித்தொகுதிகளும் இருந்தன. 1996-இல் ஓர் அணியில் ஆறு பேர் வரை இடம்பெறலாம் எனச் சட்டம் திருத்தப்பட்டது; 1997-இல் தனித்தொகுதிகள் ஒன்பதாகச் சுருங்கின.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. அணியின் அளவு பெருகியபோதும், கட்டாயச் சிறுபான்மை வேட்பாளரின் எண்ணிக்கை ஒன்றாகவே நின்றது. மூவர் அணியில் மூன்றில் ஒரு பங்காக இருந்த உறுதிப்பாடு, அறுவர் அணியில் ஆறில் ஒரு பங்காகிறது. சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவமே நோக்கமாயின், அணியைப் பெரிதாக்குதல் ஒவ்வோர் அணியிலும் அந்நோக்கத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. விரிவாக்கத்திற்கு அரசு கூறிய காரணங்கள் நகர மன்ற நிர்வாகம், சமூக மேம்பாட்டு மன்றங்களின் பரப்பு ஆகியன சார்ந்தவை. அவை சிறுபான்மைப் பிரதிநிதித்துவத்தோடு தொடர்பற்றவை. தொடக்க நோக்கத்தின் பெயரால் நியாயம் பெற்ற விதி, வேறு காரணங்களால் விரிந்தது. பின்னர் அரசு இதனை ஓரளவு தளர்த்தியது. 2011-இல் தனித்தொகுதிகள் 12 ஆக உயர்ந்தன. 2020 முதல் அறுவர் அணிகள் இல்லை. 2025-இல் 18 குழுத்தொகுதிகளும் 15 தனித்தொகுதிகளும் அமைந்தன.

எல்லையும் காலமும்

விருப்புரிமை யாரிடம் உள்ளது என்பது மூன்றாவது வினா. தொகுதி எல்லைகளைப் பரிந்துரைக்கும் மறுஆய்வுக் குழுவைப் பிரதமரே அமைக்கிறார். அரசு உயர் அலுவலர்களே அதன் உறுப்பினர்கள். தேர்தலை நடத்தும் தேர்தல் துறை பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது. தேர்தல் நாளைத் தேர்வதும் நடைமுறையில் பிரதமரின் உரிமை.

குழுவின் அறிக்கைக்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட காலம் சட்டத்தால் வரையறுக்கப்படவில்லை. 2001-இல் அறிக்கை அக்டோபர் 17 அன்று வெளியாயிற்று. மறுநாள் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. நவம்பர் 3 அன்று வாக்குப்பதிவு நடந்தது. 2025-இல் அறிக்கை மார்ச் 11 அன்றும், வாக்குப்பதிவு மே 3 அன்றும் அமைந்தன. வேட்புமனுத் தாக்கலுக்குப்பின் பரப்புரைக்குக் கிடைத்தவை ஒன்பது நாள்கள். ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கணக்காக வீடுவீடாகச் சென்று உழைத்த எதிர்க்கட்சிக்கு, அவ்வட்டாரம் எத்தொகுதியில் சேரும் என்பது தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே தெரியவருகிறது.

மறைந்த தொகுதிகளின் வரிசை கருதத்தக்கது. ஜெயரத்தினம் 1986-இல் பதவியிழந்தபின் ஆன்சனில் இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. 1988-இல் அத்தொகுதியே இல்லாமற்போயிற்று. யூனோஸ் குழுத்தொகுதியில் பாட்டாளிக் கட்சி 1988-இல் 49.1 விழுக்காடும், 1991-இல் 47.6 விழுக்காடும் பெற்றது. 1997-இல் அத்தொகுதி இல்லை. செங் சான் குழுத்தொகுதியில் 1997-இல் அக்கட்சி 45.2 விழுக்காடு பெற்றது. 2001-இல் அதுவும் இல்லை. 2020-இல் எதிர்க்கட்சி 48.3 விழுக்காடு பெற்ற வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதி 2025-இல் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டது. மக்கள்தொகை மாற்றம் இவற்றுக்குக் காரணமாகலாம். ஆளுங்கட்சி எளிதில் வென்ற தொகுதிகளும் மறைந்ததுண்டு. மேலும், பொத்தோங் பாசிர், ஹௌகாங், அல்ஜூனிட், செங்காங் என எதிர்க்கட்சி வென்று வைத்திருந்த தொகுதிகள் நீடித்தன. ஆயினும், நூலிழையில் தோற்ற இடத்தில் மீண்டும் முயலும் வாய்ப்பு எதிர்க்கட்சிக்கு உறுதியாக இல்லை என்பது இவ்வரிசையால் பெறப்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் விரிவான விளக்கம் தரும் கடப்பாடு குழுவிற்கு இல்லாமையால், ஐயத்தை மெய்ப்பிக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

தகுதி விதிகள்

அரசமைப்பின் 45-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவு தண்டனை பெற்றவரை ஐந்தாண்டுகள் தகுதியிழக்கச் செய்கிறது. அபராதத்திற்கான வரம்பு 2,000 வெள்ளியாக நெடுங்காலம் இருந்தது. 2022-இல்தான் அது 10,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஜெயரத்தினத்திற்கு 1986-இல் விதிக்கப்பட்ட அபராதம் 5,000 வெள்ளி. அவர் வழக்கறிஞர் பதிவிலிருந்து நீக்கப்பட்டதை எதிர்த்துச் செய்த மேல்முறையீட்டில், லண்டன் பிரிவி கவுன்சில் 1988-இல் அவருக்குப் பெரும் அநீதி நேர்ந்ததாகக் கருத்துரைத்தது. எனினும் தேர்தல் தகுதியிழப்பு நீங்கவில்லை. அது 1991 நவம்பரில் முடிவுறவிருந்தது. பொதுத்தேர்தலோ அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்றே நடந்தது. தகுதி விதியும் காலத்தைத் தேரும் உரிமையும் ஒன்றோடொன்று பொருந்தும்போது விளையும் பயனுக்கு இது சான்றாகும்.

அதிபர் தேர்தலிலும் இப்போக்கினைக் காணமுடிகிறது. தனியார் துறை வேட்பாளர் 50 கோடி வெள்ளி பங்குதாரர் நிதியுடைய நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும் என 2016-இல் தகுதி உயர்த்தப்பட்டது. ஐந்து பதவிக்காலங்களாக ஓர் இனத்தவர் அதிபராகாவிடில் அடுத்த தேர்தல் அவ்வினத்தவருக்கு ஒதுக்கப்படும் எனவும் விதிக்கப்பட்டது. இதன்படி 2017 தேர்தல் மலாய் சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்டது. ஹலிமா யாக்கோப் ஒருவரே தகுதியுடையவராக அறிவிக்கப்பட்டுப் போட்டியின்றி அதிபரானார். 2023-இல் நடந்த பொதுவான தேர்தலில் தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்னம், சீன வேட்பாளர் இருவரை எதிர்த்து 70.4 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். அவர் ஆளுங்கட்சியின் மூத்த தலைவராக நெடுங்காலம் விளங்கியவர் என்பதனால், இவ்வொரு முடிவைக்கொண்டு இனவழி வாக்களிப்பு மறைந்தது எனக் கூறவியலாது. எனினும் இன ஒதுக்கீட்டின் அடிப்படைக் கருதுகோளை மீள ஆராய வேண்டிய தேவையை அது உணர்த்துகிறது.

தொகுதியில்லா உறுப்பினர்

எல்லா விதிகளும் தடையாகவே அமைவதில்லை. சலுகையாகத் தோன்றுவனவும் உண்டு. எதிர்க்கட்சியினர் குறைவாக வென்றால், தோற்றவருள் மிகுதியான வாக்கு விகிதம் பெற்றோருக்கு நாடாளுமன்றத்தில் இடம் தரும் தொகுதியில்லா உறுப்பினர் முறை 1984-இல் வந்தது. 2016 திருத்தத்தின்படி, தேர்வான எதிர்க்கட்சியினரையும் சேர்த்து எதிர்க்கட்சிக் குரல்கள் 12-க்குக் குறையாதவாறு இடங்கள் வழங்கப்படும். இவ்வுறுப்பினருக்கு முழு வாக்குரிமையும் உண்டு. இதனால் மாற்றுக் குரல் நாடாளுமன்றத்தில் ஒலிக்கிறது. அதே வேளையில், எதிர்க்கட்சியை வெல்லச்செய்யாமலே அதன் குரலைக் கேட்கலாம் என்னும் எண்ணத்தை வாக்காளரிடையே அது வளர்க்கிறது. தொகுதி இல்லாதவருக்கு நகர மன்றமும் இல்லை. ஆளத் தகுதியுடையோர் என்பதை நிறுவும் களமும் இல்லை.

விதி திரும்பும்போது

ஆளுங்கட்சிக்குச் சாதகமான விதி என்றும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2011-இல் அல்ஜூனிட் குழுத்தொகுதியில் பாட்டாளிக் கட்சி 54.7 விழுக்காடு பெற்று ஐந்து இடங்களையும் ஒருசேரக் கைப்பற்றியது. வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ பதவியிழந்தார். 2020-இல் செங்காங் குழுத்தொகுதியின் நான்கு இடங்களும் 52.1 விழுக்காட்டு வாக்குகளால் அக்கட்சிக்குக் கிட்டின. முன்னர்க் கரைத்த அதே கணக்கு இப்போது பெருக்கியது. ஆயினும் மொத்த விளைவு பெரிதும் மாறவில்லை. ஆளுங்கட்சி 2011-இல் 60.1 விழுக்காட்டு வாக்குகளுக்கு 87-இல் 81 இடங்களையும், 2020-இல் 61.2 விழுக்காட்டிற்கு 93-இல் 83 இடங்களையும், 2025-இல் 65.6 விழுக்காட்டிற்கு 97-இல் 87 இடங்களையும் பெற்றது. அரசமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரு பங்கு பெரும்பான்மை ஒவ்வொரு முறையும் அதனிடமே உள்ளது. அதாவது, விதியால் பயன்பெறும் கட்சியே விதியை மாற்றும் ஆற்றலையும் பெறுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. ஆளுங்கட்சிக்குச் சாதகமான விதி நிலைபெறுவதற்கு அதன் பொய்மை காரணமன்று. அதில் அடங்கிய உண்மையான பொதுநோக்கமே காரணம். சிறுபான்மையினரின் பாதுகாப்பு என்னும் நோக்கம் மெய்யானது என்பதனாலேயே குழுத்தொகுதியை எதிர்ப்பது கடினமாகிறது.

2. நோக்கத்தை ஏற்பது விதியின் அளவை ஏற்பதாகாது. மூவர் அணி அறுவர் அணியாக விரிந்ததைச் சிறுபான்மைப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டு விளக்க இயலவில்லை.

3. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு விதிக்கும் தக்க காரணம் உண்டு. அணிமுறை, எல்லை வரையறை, தேர்தல் காலம், வேட்பாளர் தகுதி ஆகியன ஒரே கையில் குவியும்போதே அவை ஒரு கட்டமைப்பாகின்றன.

4. விதி எதிர்க்கட்சிக்கும் சில வேளைகளில் பயன்தரும். எனினும் அதனை மாற்றும் ஆற்றல் ஒருதரப்பிடமே உள்ளவரை, அப்பயன் நிலையானதன்று.

சிறுபான்மையினரின் இடத்தைக் காக்கவும் வேண்டும். போட்டியின் சமநிலையைக் காக்கவும் வேண்டும். எல்லை வரையறையையும் தேர்தல் நிருவாகத்தையும் பிரதமர் அலுவலகத்திலிருந்து விலக்கித் தன்னாட்சியுடைய அமைப்பிடம் ஒப்படைத்தல், அறிக்கைக்கும் தேர்தலுக்கும் இடையே குறைந்தபட்சக் கால இடைவெளியைச் சட்டமாக்குதல், அணிகளை மூவர் அளவிற்குள் நிறுத்துதல் ஆகிய மூன்றும் முதல் நோக்கத்திற்கு ஊறு செய்யாமலே இரண்டாவதை நிறைவேற்றவல்லன. தேர்தல் நேர்மையை ஆராய்வோர் வாக்கு எண்ணும் மேசையை மட்டுமன்றி, விதி எழுதப்படும் மேசையையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ள வேண்டும் என்பதையே சிங்கப்பூரின் பட்டறிவு வலியுறுத்துகிறது.